சார்ஜர் என்றால் தாலமா? ஆங்கிலச் சொல்வளத்திற்கு ஒரு வீட்டுப் பரீட்சை



மும்பை, பெங்களூரு, புனே, டெல்லி என்று எந்த மாநகரத்துத் தமிழ்ச் சபைக்குப் போனாலும் ஞாயிறு ஆராதனையில் இதைக் காணலாம். ஒரே பாயில் அமர்ந்திருக்கிற தாயின் மடியில் தமிழ் வேதாகமம் இருக்கும். மகளின் கையில் ஆங்கில வேதாகமம் இருக்கும். போதகர் அதிகாரத்தையும் வசனத்தையும் சொன்னவுடன் இருவரும் தத்தம் புத்தகத்தில் தேடுவார்கள். வீட்டில் தமிழும், தெருவில் இந்தியோ கன்னடமோ மராத்தியோ, பள்ளியில் ஆங்கிலமுமாக வளருகிற பிள்ளைக்குத் தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பதே பாரமாயிருக்கிறது. ஊரில் பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து, திருமணமாகி நகரத்திற்கு வந்த தாய்க்கோ ஆங்கிலம் பாரமாயிருக்கிறது. "இவள் படிப்பிலே நான் என்ன உதவி செய்யக்கூடும்? எனக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்று பெருமூச்சு விடுகிற தாய்மார் நம் சபைகளில் அநேகர்.

இந்த எண்ணம் சரியானதல்ல. தமிழ் வேதாகமத்தைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்த எந்தத் தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளையின் ஆங்கிலச் சொல்லறிவைச் சோதிக்கவும் வளர்க்கவும் கூடும். அது எவ்வாறு என்று சொல்லுமுன் உங்களுக்கே ஒரு சிறு பரீட்சை. கீழே உள்ள ஆறு சொற்களும் 1611-ஆம் ஆண்டில் அச்சான கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமத்தில் உள்ளவை. குறிப்பிட்ட வசனத்தில் அவை என்ன பொருள் தருகின்றன? பென்சிலால் குறித்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

1. 'பிரிவென்ட்' – 1 தெசலோனிக்கேயர் 4:15
அ) தடுத்தல் ஆ) முந்திக்கொள்ளுதல் இ) எச்சரித்தல்

2. 'லெட்' – 2 தெசலோனிக்கேயர் 2:7
அ) அனுமதித்தல் ஆ) வாடகைக்கு விடுதல் இ) தடைசெய்தல்

3. 'கான்வர்சேஷன்' – 1 பேதுரு 3:1
அ) உரையாடல் ஆ) நடக்கை இ) மனமாற்றம்

4. 'பெக்யூலியர்' – 1 பேதுரு 2:9
அ) விநோதமான ஆ) அரிதான இ) சொந்தமான

5. 'சார்ஜர்' – மாற்கு 6:25
அ) போர்க்குதிரை ஆ) தாலம் இ) கட்டளை

6. 'குவிக்' – 2 தீமோத்தேயு 4:1
அ) விரைவான ஆ) உயிருள்ள இ) கூர்மையான

ஒரு சொல்லைக் கொடுத்து, அதனருகே சில பொருள்களை வைத்து, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இம்முறையை உலகமெங்கும் பரப்பியது ரீடர்ஸ் டைஜஸ்ட் என்னும் மாத இதழ். அதில் 1945-ஆம் ஆண்டு இந்தப் பகுதியைத் தொடங்கியவர் வில்ஃப்ரெட் ஃபங்க். அவருடைய தகப்பனார் ஐசக் ஃபங்க் ஒரு லுத்தரன் போதகர். பின்னாளில் அகராதிப் பதிப்பாளரானவர். நம் நாட்டில் வேலைத் தேர்வு எழுதுகிற வாலிபர் கையில் இன்றும் காணப்படுகிற நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949-இல் வெளியானது. பரீட்சை முறை நல்லதுதான். நம்மவர்கள் அதற்கு ஆயத்தப்படுகிற விதத்தைத்தான் எண்ணிப் பார்க்கவேண்டும். மூவாயிரம் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பொருள் என்று அச்சடித்த தாள்களைப் பயிற்சி வகுப்பில் வாங்கி, மின்சார ரயிலில் நின்றபடியே மனப்பாடம் செய்கிறார்கள். வாக்கியமில்லாமல் கற்ற சொல் நெடுநாள் மனதில் நிற்பதில்லை. நின்றாலும் வேறொரு வாக்கியத்தில் வரும்போது அடையாளம் தெரிவதில்லை.

இப்பொழுது விடைகளுக்கு வருவோம். முதலாவது சொல்லிலேயே பலர் இடறுவார்கள். 'பிரிவென்ட்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் தடுத்தல். ஆனால் தமிழ் வேதாகமத்தில் அந்த வசனத்தைத் திறந்தால், கர்த்தருடைய வருகைமட்டும் உயிரோடிருப்பவர்கள் நித்திரையடைந்தவர்களுக்கு முந்திக்கொள்ளமாட்டார்கள் என்ற கருத்தைக் காண்போம். ஆகவே விடை ஆ. இலத்தீனில் 'பிரே' என்றால் முன். 'வெனிரே' என்றால் வருதல். முன்னே வருவதே அச்சொல்லின் ஆதிப் பொருள். ஒருவனுக்கு முன்னே வந்து நின்றால் அவன் வழி அடைபடுகிறதல்லவா? அப்படியே காலப்போக்கில் 'தடுத்தல்' என்ற பொருள் மேலோங்கிற்று. அதே வசனத்திற்கு 1982-இல் வெளியான நியூ கிங் ஜேம்ஸ் பதிப்பு 'பிரிசீட்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. தேர்வுகளில் 'பிரிசீட்', 'புரொசீட்' என்ற இரண்டையும் வைத்துக் குழப்புவது வழக்கம். முந்தையது முன்செல்லுதல், பிந்தையது தொடர்ந்து செல்லுதல். தெசலோனிக்கேயர் வசனத்தோடு அதைக் கற்ற பிள்ளை எளிதில் குழம்பாது.

இந்த 'வெனிரே' என்ற வேரிடத்தில் சற்றுத் தங்குவது நல்லது, ஏனென்றால் அதில் ஒரு குடும்பமே இருக்கிறது. 'அட்வென்ட்' என்றால் வருகை. ஆண்டுதோறும் நம் சபைகள் நடத்துகிற 'கன்வென்ஷன்' கூட்டம் என்பதில் 'கன்' என்றால் கூட. கூடி வருதல் என்பதே கன்வென்ஷன். நடுவே வந்து தலையிடுவது 'இன்டர்வீன்'. சட்டத்திற்கு எதிராக வருவது 'கான்ட்ராவீன்'. நேரே வராமல் சுற்றி வந்து விதியை ஏய்ப்பது 'சர்க்கம்வென்ட்'. 'ரெவென்யூ' என்றால் திரும்பி வருவது, அதாவது வருமானம். தமிழிலும் வருமானம், வருவாய் என்ற இரண்டு சொற்களும் 'வரு' என்ற வினையிலிருந்தே பிறந்திருக்கின்றன. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ரோமாபுரியில் பேசப்பட்ட மொழியும் பொதிகையடியில் பேசப்பட்ட மொழியும் கைக்கு வந்து சேருகிற காசை ஒரேவிதமாய் எண்ணியிருக்கின்றன என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப்பாருங்கள். அதன்பின் அந்த ஏழு சொற்களையும் அவர்கள் மறப்பது அரிது.

இரண்டாவது 'லெட்'. விடை இ. அனுமதித்தல் என்று நாம் அறிந்த சொல் அங்கே நேர் எதிராகத் தடைசெய்தலைக் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். நாளடைவில் உருவம் ஒன்றாகிவிட்டது. அனுமதி என்ற பொருள் நிலைத்தது. தடை என்ற பொருள் ஏறக்குறைய மறைந்தது. முற்றிலும் மறையவில்லை. வளைகுடா வேலைக்காக எடுத்த கடவுச்சீட்டு உங்கள் வீட்டில் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். அதை வைத்திருப்பவரைத் தடையின்றிப் போகவிடும்படி குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிடப்பட்டிருக்கிற வேண்டுகோளில் 'லெட்' என்ற சொல் தடை என்ற பொருளிலேயே இருக்கிறது. டென்னிஸ் ஆட்டத்தில் முதல் பந்து வலையில் உரசி விழுந்தால் 'லெட்' என்பதும் இதே சொல்தான்.

மூன்றாவது சொல் குடும்பங்களுக்கு மிகவும் அவசியமானது. 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தில், வசனத்திற்குக் கீழ்ப்படியாத கணவர்கள் மனைவிகளின் 'கான்வர்சேஷன்' மூலமாக ஆதாயப்படுத்தப்படுவார்கள் என்ற கருத்து வருகிறது. ஆங்கிலம் மட்டும் வாசிக்கிற இளம் மனைவி இதை எப்படிப் புரிந்துகொள்வாள்? கணவனிடம் பேசிப் பேசியே அவனைக் கர்த்தரண்டை கொண்டுவரவேண்டும் என்றுதானே? தமிழ் வேதாகமமோ போதனையின்றி, நடக்கையினால் என்கிறது. பேசுகிறதற்கும் பேசாமலிருக்கிறதற்கும் உள்ள வித்தியாசம் இது! 'கான்வர்சேஷன்' என்றால் அக்காலத்தில் ஒருவரோடொருவர் கூடி வாழும் விதம், நடத்தை. பிலிப்பியர் 3:20-இல் இதே ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழில் 'குடியிருப்பு' என்று இருக்கிறது. நியூ கிங் ஜேம்ஸில் பேதுருவின் வசனத்திற்கு 'கான்டக்ட்' என்று திருத்தியிருக்கிறார்கள். பள்ளிச் சான்றிதழில் நன்னடத்தைக்கு நேரே எழுதப்படுகிறதும் அந்தச் சொல்தான்.

நான்காவது, 'பெக்யூலியர்'. நகை அணியாமலும் பொட்டு இடாமலும் பள்ளிக்குப் போகிற நம் பெண்பிள்ளைகளை உடன் படிப்பவர்கள் விநோதமாய்ப் பார்ப்பதுண்டு. அப்படிப்பட்ட பிள்ளை பழைய ஆங்கிலப் பதிப்பைத் திறக்கும்போது, தேவனே தன்னை 'பெக்யூலியர்' ஜனம் என்று அழைப்பதாக வாசிக்கிறாள். அவளுடைய பள்ளி அகராதியில் அதற்கு விநோதமான, விசித்திரமான என்று போட்டிருக்கும். 'நான் விசித்திரமானவளாகத்தான் இருக்கவேண்டுமோ' என்று அவள் யாரிடமும் கேட்காமல் மனதிலே வைத்துக்கொள்ளக்கூடும். பக்கத்தில் அமர்ந்திருக்கிற தாயின் வேதாகமத்தில் அதற்கு நேரே இருக்கிற சொல் 'சொந்தமான'. அந்த ஒரு சொல்லைத் தாய் வாசித்துக் காட்டினால் பிள்ளையின் மனதில் எவ்வளவு பாரம் நீங்கும்! இலத்தீனில் 'பெகூஸ்' என்றால் கால்நடை. அதிலிருந்து ஒருவனுக்கே உரிய உடைமையைக் குறிக்கும் சொல் பிறந்து, அதிலிருந்து 'பெக்யூலியர்' வந்தது. ஒருவனுக்கே உரியது, மற்றவரிடத்தில் இல்லாதது, ஆகவே விநோதமானது என்று பொருள் நகர்ந்துவிட்டது. பணம் சம்பந்தமான என்று பொருள்படும் 'பெக்யூனியரி' என்னும் தேர்வுச் சொல்லும் அதே கால்நடையிலிருந்து வந்ததே. தமிழிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு. திருவள்ளுவர் 400-ஆம் குறளில் அப்பொருளிலேயே அதை வழங்கியிருக்கிறார்.

'சார்ஜர்' என்றவுடன் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுகிற கருவிதான் பிள்ளைகளுக்கு நினைவு வரும். யோவான்ஸ்நானனின் தலையை ஏரோதியாளின் மகள் கேட்டது ஒரு தாலத்தில் வைத்துத் தரும்படி. சுமை ஏற்றுதல் என்ற ஒரே வேரிலிருந்து இரண்டும் வந்தன: ஒன்றில் உணவு ஏறுகிறது, மற்றதில் மின்சாரம் ஏறுகிறது. நட்சத்திர உணவகங்களில் வேலை செய்கிற நம் வாலிபர்களைக் கேளுங்கள்; விருந்து மேசையில் அடியில் வைக்கும் அகன்ற தட்டை இன்றும் சார்ஜர் பிளேட் என்றே சொல்லுகிறார்கள். 'குவிக்' என்பதற்கு அந்த வசனத்தில் உயிருள்ள என்று பொருள். நகத்தடியிலுள்ள உணர்ச்சி மிகுந்த சதைக்கும், உயிருள்ளதுபோல் ஓடுகிற பாதரசத்திற்கும் ஆங்கிலத்தில் இச்சொல்லே வழங்குகிறது.

ஆறுக்கு ஆறும் சரியாக எழுதினீர்களானால் மெச்சத்தக்கது. தமிழ் வேதாகமத்தைப் பார்த்து எழுதியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் இந்தப் பரீட்சையின் நோக்கமே அதுதான்.

தமிழ் வேதாகமம் இப்படித் துணை நிற்பதற்குக் காரணம் உண்டு. அது ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதல்ல. சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி யோகான் பிலிப் ஃபப்ரீஷியஸ் எபிரெய, கிரேக்க மூலங்களைப் பார்த்து மொழிபெயர்த்தார். அதை அடிப்படையாக வைத்து ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளியிட்டதே இன்று நம் கையிலிருக்கிற பழைய திருப்புதல். ஆங்கிலச் சொற்களின் பொருள் மாறியபோது அது தமிழைப் பாதிக்கவில்லை. அதே ஃபப்ரீஷியஸ் 1779-இல் வேப்பேரியில் தமிழ்–ஆங்கில அகராதியையும் அச்சிட்டார். 1862-இல் அமெரிக்க மிஷனரி மிரன் வின்ஸ்லோ 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட பெரிய அகராதியை வெளியிட்டார். இரு மொழிச் சொற்களையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது மிஷனரிகள் நமக்கு விட்டுச்சென்ற பழக்கம் என்றே சொல்லலாம்.

ஆனால் தமிழும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 2 தீமோத்தேயு 2:15-இல் தமிழில் 'ஜாக்கிரதை' என்று இருக்கிறது. இன்று அச்சொல்லைக் கேட்டால் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகைதான் நினைவுக்கு வருகிறது. வேதாகமத் தமிழில் அது விழிப்போடு முயலுதலைக் குறிக்கிறது. கிங் ஜேம்ஸில் அங்கே 'ஸ்டடி' என்ற சொல் இருக்கிறது. அதுவும் புத்தகம் படித்தலைக் குறிக்காமல் ஊக்கமாய் முயலுதலையே குறித்தது. இருபக்கமும் சொல் நகர்ந்துவிட்ட இத்தகைய இடங்களில் புதிய பதிப்பைப் பார்க்கவேண்டும். நியூ கிங் ஜேம்ஸ் 'டிலிஜென்ட்' என்கிறது. இதுவும் தேர்வுகளில் அடிக்கடி காணும் சொல்.

இங்கே தேர்வு எழுதும் வாலிபருக்கு ஒரு எச்சரிப்பு அவசியம். மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதற்கட்டத்தில் 100 கேள்விகளில் 25 ஆங்கிலத்திற்குரியவை. ஒத்த பொருள், எதிர்ப்பொருள், ஒரு தொடருக்கு ஒரு சொல் ஆகியவை அதில் வரும். தவறான விடைக்கு அரை மதிப்பெண் குறைக்கப்படும். அங்கே போய் 'பிரிவென்ட்' என்பதற்கு முந்திக்கொள்ளுதல் என்று குறித்தால் மதிப்பெண் போய்விடும். தேர்வு கேட்பது இன்றைய பொருளை. ஆகையால் குறிப்பேட்டில் பழைய ஆங்கிலம், புதிய ஆங்கிலம், தமிழ் என்று மூன்று பத்திகள் இருக்கட்டும். நடுப்பத்தியே தேர்வுக்குரியது. 'பிரிசீட்', 'ரிஸ்ட்ரெயின்', 'கான்டக்ட்', 'பிளாட்டர்' என்று இந்தக் கட்டுரையின் சொற்களுக்கே நான்கு நல்ல இன்றைய சொற்கள் அந்தப் பத்தியில் சேர்ந்துவிடும்.

வேதாகமத்திலிருந்தே ஆங்கிலத்திற்குள் புகுந்த சொற்களையும் தேர்வுக்காரர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். லேவியராகமம் 16-இல் வரும் போக்காடு ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்'. பிறர் குற்றத்தைச் சுமக்க வைக்கப்படுகிறவன் என்று இன்று பொருள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்துத் தாலந்து ஒரு நிறை, ஒரு பணத்தொகை. அந்த உவமையிலிருந்துதான் திறமை என்ற பொருளில் 'டேலண்ட்' என்ற ஆங்கிலச் சொல் பிறந்தது. எரேமியாவின் பெயரால் நீண்ட புலம்பலுக்கு 'ஜெரிமையட்' என்று பெயர். விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிற வழிப்போக்கரைப் பாதுகாக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு அவரை 'குட் சமாரிட்டன்' என்றே அழைக்கிறது.

'ஷிபோலெத்' என்ற சொல்லை மட்டும் தனியே சொல்லவேண்டும். நியாயாதிபதிகள் 12-இல் யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்ட கீலேயாத்தியர், தப்பி வருகிறவனிடம் இந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியனுக்கு 'ஷி' வராது, 'சி' என்பான். அந்த ஒரு எழுத்தினால் 42,000 பேர் மாண்டார்கள். ஒரு கூட்டத்தாரை மற்றவரினின்று பிரித்துக் காட்டுகிற பேச்சு அல்லது வழக்கம் என்று இன்று ஆங்கிலத்தில் அதற்குப் பொருள். நேர்முகத் தேர்வில் உச்சரிப்புக்காக நகைக்கப்பட்ட நம் வாலிபருக்கு இதன் பொருளை விளக்கவே வேண்டியதில்லை. உச்சரிப்பு சீர்ப்பட நாள் பிடிக்கும். அதற்காகச் சொல்லின் பொருளைக் கற்கிறதை ஒத்திப்போடவேண்டாம். எழுத்துத் தேர்வில் யாரும் நம் நாவைச் சோதிக்கிறதில்லை.

வீட்டில் செய்யவேண்டிய விதம் எளியது. வாரத்திற்கு ஒரு அதிகாரம், ஐந்து சொற்கள் போதும். குடும்ப ஜெபம் முடிந்தபின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஜெப நேரத்தையே பாடவேளை ஆக்கிவிடாதீர்கள், பிள்ளைகள் இரண்டையும் வெறுப்பார்கள். பிள்ளை ஆங்கில வசனத்தை வாசித்து, சொல்லின் பொருளைத் தமிழில் ஊகித்துச் சொல்லட்டும். தாய் தமிழ் வேதாகமத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டு, பின்பு திறந்து வாசிக்கட்டும். தாலம் என்றால் என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது. அதைத் தாய் சொல்லுவாள். 'பிளாட்டர்' என்பதைத் தாய்க்குப் பிள்ளை சொல்லும். கைப்பேசிச் செயலியில் இரு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாமானாலும், மறைத்து வைத்துக் கேட்பதற்குப் புத்தகமே வசதி. தகப்பன் இரவு வேலைக்குப் போகிற வீடுகளில் காலை உணவுக்குமுன் செய்யலாம்.

ஒருமுறை எழுதிய ஐந்து சொற்களை மறுநாளும், மறுவாரமும், ஒரு மாதம் கழித்தும் பிள்ளையிடம் கேட்கவேண்டும். கற்றது எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து 1885-இல் வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பச் சொல்லுவது மறதியைக் குறைக்கும் என்பது அதுமுதல் பலமுறை உறுதியாயிற்று. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வதே அதிகப் பலன் தருகிறது. தெரியாத விடைக்குப் பிள்ளையைக் கடிந்துகொள்ளவேண்டாம். அந்தச் சொல்லின்மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.

இந்த வாரத்திற்கு நான்கு சொற்கள். கிங் ஜேம்ஸ் ஆங்கிலத்தில் 'கேரியேஜஸ்', அப்போஸ்தலர் 21:15. 'வெல்த்', 1 கொரிந்தியர் 10:24. 'ஆர்ட்டிலரி', 1 சாமுவேல் 20:40. 'மீட்', ஆதியாகமம் 1:29. இவை நான்கும் இன்று முறையே வண்டிகள், செல்வம், பீரங்கிப் படை, இறைச்சி என்று பொருள்படுகின்றன. அந்த வசனங்களில் அவை என்ன என்பதற்குத் தாயின் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் போதும்.